நியூட்ரலில் இறங்கும் வண்டி

எங்கள் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்பது தெருவுக்கே தெரியும். நின்ற இடத்தில் அது போட்ட சத்தம் அப்படி. என்ஜின் கொஞ்ச நேரம் ஒழுங்காகத் துடிக்கும், திடீரென்று ஒரு துடிப்பை முழுங்கும், உடனே மொத்த வண்டியும் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறும். அந்த உதறலில் என் அடுக்களையில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் கிணுகிணுக்கும். காலையில் என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினால் போதும், எதிர்வீட்டுக்காரி சன்னலைத் திறந்துவிடுவாள். "ஏ ஆத்தா, ஒங்க வண்டிக்கு இன்னும் சொகமாகலையா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் வீட்டு கிரைண்டர் போடும் கூப்பாட்டை நான் என்றைக்காவது கேட்டேனா? ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

வண்டி என்றால் பெரிய லாரி இல்லை, நாலு சக்கர மினி லாரி. ஓட்டுநர், முதலாளி, கிளீனர் எல்லாம் என் வீட்டுக்காரர் ஒருவரே. கம்பத்தில் தக்காளியும் முருங்கையும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறுவார். கேரளாவில் கட்டப்பனை வரைக்கும் கடை கடையாக இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் காலிப் பெட்டிகளோடு திரும்புவார். சில நாள் அங்கிருந்து பலாக்காயோ கப்பைக்கிழங்கோ கிடைக்கும். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். வண்டி பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வண்டியோடுதான் நானும் குடித்தனம் நடத்துகிறேன்.

அதற்கு இரண்டு நோய். ஒன்று இந்த உதறல். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். ஆக்சிலேட்டரில் கால் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். காலை எடுத்து, சும்மா நிற்கவிட்டால், உதறி உதறி அணைந்தே போகும். இன்னொன்று, டீசல் குடிக்க ஆரம்பித்திருந்தது. முன்பெல்லாம் ஒரு டேங்குக்கு மூன்று நாள் போய்வந்த வண்டி, இரண்டாம் நாளே வாயைப் பிளந்தது. கேரளாவில் டீசல் விலை கூட. அதனால் மலையேறுகிற நம் ஆட்கள் எல்லோரும் கம்பத்தை அடுத்த கூடலூரிலேயே டேங்கை வாய் தளும்ப நிரப்பிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போய் டீசல் அடித்தால் கௌரவக் குறைச்சல். மலையடிவாரத்து லோயர் கேம்ப் டீக்கடையில் இவர்கள் கூடினால் பேசுவது வேறொன்றும் இல்லை, யார் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான். பிள்ளைகளின் மார்க்கைக்கூட அப்படிப் பேச மாட்டார்கள். என் வீட்டுக்காரர் வண்டிதான் அந்தக் கூட்டத்தில் எப்போதும் முதல் மார்க். அது சரிந்ததும் மனுஷனுக்கு முகமே சுருங்கிப் போயிற்று.

பிறகு ஒருநாள் மைலேஜ் கொஞ்சம் ஏறிவிட்டது என்று சொன்னார். உதறல் அப்படியே இருந்தது, ஆனால் மைலேஜ் மட்டும் ஏறியிருக்கிறதாம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வீட்டுக்கு ரவிக்கை வாங்க வந்த இன்னொரு ஓட்டுநர், தன் மனைவிக்காக வாசலில் நின்றபடி பெருமையாகச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

"அண்ணன் பெரிய வித்தக்காரக, மதினி. குமுளி செக்போஸ்ட்டத் தாண்டுனதும் நியூட்ரல் போட்டாகன்னா, லோயர் கேம்ப்லதான் மறுபடி கியரத் தொடுவாக. ஒரு சொட்டு டீசல் போகாது. எங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது."

கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன்.

மலையில் ஓட்டாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் கியரில் வந்தால் என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டே வரும். நியூட்ரலில் தள்ளிவிட்டால் பிடி விட்டுப்போகும், வண்டி பாட்டுக்கு உருளும், பிரேக் ஒன்றுதான் கதி. அந்தப் பிரேக்கோ என்ஜின் ஓடினால்தான் காலுக்கு இளகும். என்ஜின் நின்றுவிட்டால் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு மிதிகட்டை கல்லாகிவிடும், ஏறி நின்றாலும் இறங்காது. எங்கள் வண்டியோ சும்மா விட்டால் அணைந்துபோகிற வண்டி. அதை நியூட்ரலில் விட்டு, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற அந்த வளைவுகளில் தினம் இறங்கிக்கொண்டிருக்கிறார் என் புருஷன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றித் தொலைத்தது.

எங்கள் தெருக் கோடியில் ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷனும் மலையில் போனவர்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "நியூட்ரல்ல வந்தாராம்" என்றுதான் குசுகுசுத்தார்கள். பந்தலுக்கு வெளியே போய் பீடி பற்ற வைத்தவர்களும் அதையே சொன்னார்கள். மறுநாள் அவர்களே மலையேறிப் போய், திரும்பும்போது நியூட்ரலில் இறங்கினார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து கை கால் கழுவக்கூட விடவில்லை.

"நியூட்ரல்ல வாரீகளாமே?"

"எவன் சொன்னான்?"

"எவன் சொன்னா என்ன? வாரீகளா இல்லையா?"

"எல்லாரும்தான் வாராக. எறக்கத்துல எதுக்குப் புள்ள டீசலு? மல சும்மா குடுக்குது. சும்மா குடுக்குறத வேண்டாம்னா சொல்லுவாக?"

"மல என்னத்தையெல்லாம் சும்மா குடுக்கும்னு தெருக்கோடிக்காரிகிட்டப் போய்க் கேளுங்க."

அவர் சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் அப்படித்தான், பேச மாட்டார், தட்டோடு நகர்ந்துவிடுவார். நான் விடுவேனா? பின்னாலேயே போய்ப் பேசினேன். அழுதும் பார்த்தேன், பிள்ளைகள் மேல் சத்தியம் கேட்டும் பார்த்தேன். சரி சரி என்றார். அந்தச் சரிக்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியும். மழை நேரத்தில் துணியை எடுக்கச் சொன்னாலும் அதே சரிதான் வரும், துணி நனைந்துகொண்டிருக்கும்.

இரண்டு நாள் யோசித்தேன். இந்த மனுஷனைத் திருத்த முடியாது. வண்டியையாவது திருத்தலாம். அது அணையாமல் நின்று ஓடினால் போதும், பிரேக் இருக்கும், உயிரோடு வீடு வந்து சேருவார். இப்படி நினைத்துத்தான் நான் மெக்கானிக் பட்டறை வாசலில் போய் நின்றேன். அதற்கு முன் பட்டறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

பட்டறைக்காரர் என் தம்பி வயது. வண்டியின் முன்மூடியைத் திறந்து காற்று வடிகட்டியை உருவி வெளியே எடுத்துத் தட்டினார். மஞ்சள் மஞ்சளாகக் கொட்டியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் திராட்சைப் பந்தல்கள். இலையில் நோய் விழாமல் இருக்கக் கந்தகத்தூள் தூவுவார்கள். நிழலுக்காக இவர் வண்டியைப் பந்தல் ஓரமாகவே நிறுத்துவார்.

"திராட்சைக்குப் போட்ட மருந்துல பாதிய ஒங்க வண்டிதான் தின்னுருக்கு மதினி" என்றார் பட்டறைக்காரர்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவுதானா! புது வடிகட்டி போட்டோம். புகை குறைந்தது. ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மலையிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றபோது, அதே உதறல். என் டம்ளர்கள் மறுபடி கிணுகிணுத்தன. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து டீசல் வடிகட்டி மாற்றினார்கள். குழாய்களில் காற்று பிடிக்கிறது என்று ரப்பர் குழாய்களை மாற்றினார்கள். அதற்கடுத்து, டீசல் தெளிக்கிற நாசில்களைக் கழற்றித் தேனிக்குக் கொண்டுபோனோம். அங்கே பம்ப் ஒர்க்‌ஷாப்பில் மேசை மேல் மாட்டி, புகை மாதிரி பீய்ச்சிக் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மாட்டினோம். கூடலூரில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது பூனைக்குட்டி மாதிரி உறுமியது. திரும்பும்போது பழையபடி. ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். போகும்போது நல்ல பிள்ளை, வரும்போது உதறல். பட்டறைக்காரரிடம் நான் கத்தியதை அந்தத் தெருவே கேட்டது.

"என்ன வேல பாக்குறீக நீங்க? கழட்டுறீக, மாட்டுறீக, கழட்டுறீக, மாட்டுறீக. வண்டி என்ன வளையலா?"

"மதினி, நான் என்னத்த ஒளிச்சு வச்சுருக்கேன்? எல்லாம் பாத்தாச்சு." அவரும் பாவம், வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. எறக்கத்துல கியர்ல விட்டுக் கால எடுத்தா, என்ஜினுக்கு டீசலே போகாது. சக்கரம்தான் என்ஜினச் சுத்தும். நியூட்ரல்ல விட்டாத்தான் அணையாம சும்மா ஓடுறதுக்குன்னு கொஞ்சம் குடிக்கும். அவுக மிச்சம் புடிக்கிறதா நெனச்சுப் பண்றது மிச்சமே இல்ல" என்றார்.

ஓடிப்போய் அப்படியே என் வீட்டுக்காரரிடம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவன் தரையில ஒக்காந்துக்கிட்டுப் பேசுறான். மலைய அவனா ஓட்டுறான்?" அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை.

மத்தியானம் தாண்டினால் எனக்குக் கை வேலையில் நிற்காது. இப்போது செக்போஸ்ட்டில் இருப்பார், இப்போது இரைச்சல் பாலம், இப்போது மாதா கோயில் வளைவு. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன் அடித்தால் உயிர் போய் உயிர் வரும். ஒருத்திக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தைத்துவிட்டேன். இன்னொருத்தி ரவிக்கையில் கழுத்து, கழுத்தாகவே இல்லை. கடைசியில் எனக்கே வெறுத்துவிட்டது. இப்படித் தினமும் வீட்டில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருப்பதற்குக் கூடப் போய்த் தொலைக்கலாமே. ஒருநாள் காலையில் தையல் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்கன வார?"

"ஒங்ககூடத்தான்."

"லோடு வண்டியில பொம்பளைய ஏத்திக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அழுகுறதவிடச் சிரிக்கிறது நல்லதுதான்."

தினம் போனேன். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். அதற்காக அவள் மேல் இருந்த கோபமெல்லாம் போயிற்று. நான் பக்கத்தில் இருந்தால் அவர் நியூட்ரல் போடவில்லை. போட முடியாதபடி நான் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் கியரில் வண்டி முனகிக்கொண்டு இறங்கும். பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும். தெரிந்த ஓட்டுநர்கள் தாண்டும்போது கையை ஆட்டிச் சிரிப்பார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்ப்பார். மைலேஜ் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அதற்கும் நான்தான் காரணம் என்று அவர் முகம் சொல்லியது.

அன்று பலாக்காய் லோடு. வெயில், பழுத்த ஒன்றிரண்டின் வாசனை, காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு. கண் செருகிவிட்டது. செக்போஸ்ட்டைத் தாண்டியது நினைவில் இல்லை. என்னை எழுப்பியது சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான் எழுப்பியது. என்ஜின் முனகல் இல்லை, உதறல் இல்லை. சன்னல் வழியாகக் காற்று மட்டும் உஸ்ஸென்று அடித்தது, மரங்கள் பின்னால் பறந்தன. திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, இருக்கையிலிருந்து எழும்பி, முழு உடம்பையும் போட்டுப் பிரேக்கில் நின்றுகொண்டிருந்தார். மிதிகட்டை அசையவில்லை.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தியதாக அவர் சொல்கிறார். "கியரு! கியருல போடுங்க!" என்றேனாம். எனக்கு நினைவிருப்பது அவர் கை கியர் கம்பியைப் பிடித்து அறைந்ததும், பல் நெரிகிற மாதிரி ஒரு ஓசை வந்ததும், வண்டி மொத்தமும் முன்னால் குலுங்கி என் நெற்றி கண்ணாடியில் மோதியதும்தான். கியர் விழுந்தது. என்ஜினைச் சக்கரம் பிடித்துச் சுழற்றியது. வண்டி திணறித் திணறி வேகம் குறைந்தது. அவர் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். சக்கரங்கள் பாறை ஓரத்துச் சாக்கடையில் இறங்கி, பக்கவாட்டுத் தகடு கல்லில் உரசிக் கிறீச்சிட்டு, நின்றோம். அடுத்த வளைவு கண்ணுக்கு எதிரே இருந்தது. அந்த வளைவில் தடுப்புச்சுவர் இல்லை.

அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கைகள் ஸ்டியரிங்கை விடவே இல்லை. நான்தான் முதலில் இறங்கினேன். இறங்கியதும் கத்த ஆரம்பித்தேன்.

"நான் தூங்குனா நீங்க போட்ருவீகளா? என்னையும் சேத்துக் கொல்லப் பாத்தீகளே! பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? சொல்லுங்க, யாரு இருக்கா?"

சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார், பிடிக்கவில்லை. டீசல் முள் வேலை செய்யாமல் போய் ரொம்ப நாள். "டீசல் தீந்துருச்சோ என்னமோ" என்றார், குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "மூடியத் தெறந்து பாரு."

எனக்கு இருந்த ஆத்திரத்தில் அந்த மூடியைப் பிடுங்கி எறிய நினைத்துத்தான் போனேன். திருகினேன், வரவில்லை. உள்ளே யாரோ இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி இறுகியிருந்தது. சேலை முந்தானையைச் சுற்றி முழு பலத்தோடு திருப்பினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. நீளமாக, முடியவே முடியாதது போல் இழுத்தது. நான் பயந்து பின்னால் போனேன். டேங்கில் டீசல் பாதிக்கு மேல் இருந்தது.

அவர் எப்போது இறங்கி வந்தார் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று என் கையிலிருந்த மூடியையே பார்த்தார். நானும் அதைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் கறுப்பாக, வட்டமாக வெட்டின சைக்கிள் டியூப் ரப்பர் ஒன்று கச்சிதமாக அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. மூடியில் காற்று போவதற்கென்று இருந்த ஓட்டையை அது அடைத்திருந்தது.

"இது என்னது?"

"வாய் தளும்ப நெரப்புறோம்ல. வளைவுல திரும்பயில அந்த ஓட்ட வழியாச் சிந்தும். அதான்..."

"அதான்?"

"நான்தான் வெட்டி ஒட்டுனேன். சொட்டுச் சொட்டாப் போகுதேன்னு."

ஆத்தாடி! டீசல் எடுக்க எடுக்க டேங்குக்குள் காற்று போக வேண்டாமா? மூடியைத் திறந்து நிரப்புகிற நேரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கூடலூரில் நல்ல பிள்ளை. போகப் போக மூச்சு முட்டி, டீசலை இழுக்க முடியாமல் உதறி, அணைந்திருக்கிறது. குமுளிக்கு அந்தப் பக்கத்து ஏற்றங்களில் இழுவை இல்லாமல் இவர் கூடுதலாக மிதித்து மிதித்து, அதில் மைலேஜும் போயிருக்கிறது. ஒரு சொட்டைப் பிடிக்கப் போய் ஒரு குடத்தைக் கொட்டியிருக்கிறார். அதை ஈடுகட்ட நியூட்ரல். நியூட்ரலில் என்ஜின் அணைய, எங்கள் உயிர். தேனிக்கும் பட்டறைக்கும் அலைந்தேனே, நாசிலைக் கழற்றினார்களே, பட்டறைக்காரரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேனே! நகத்தால் அந்த ரப்பரைப் பிய்த்துப் பள்ளத்தில் வீசினேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழுகைக்கு மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என் நெற்றியில் வீங்கியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

என்ஜின் பக்கத்துக் கைப்பம்பை அடித்து, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். சாவியைத் திருப்பினார். பிடித்தது. உதறல் இல்லை. ரோட்டில் போன டிராக்டர்காரர் ஒருவர் கயிறு கட்டிச் சாக்கடையிலிருந்து இழுத்துவிட்டார். மாதக்கணக்காகக் கேட்காத அந்தச் சீரான சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, இரண்டாம் கியரில் வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு வண்டி வண்டியாக இருந்தது. எதிர்வீட்டுக்காரி, "சொகமாயிருச்சு போல" என்றாள். ஆமாம் என்றேன், வாய் நிறைய. மைலேஜ் ஏறியது. என் மெஷினின் உறையை எடுத்தேன், நின்றுபோன ரவிக்கைகளைத் தைத்து முடித்தேன். மத்தியானத்தில் போன் அடித்தால் வெறும் போன் என்று எடுக்க முடிந்தது.

ஒரு சனிக்கிழமை, அவராகவே, "வாரியா? சும்மா வா" என்று கூப்பிட்டார். காவலுக்கு இல்லாமல் கூடப் போனது அன்றுதான் முதல் தடவை. குமுளியில் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரோடு மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நின்ற வண்டியில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, டீ கிளாஸை அதன் மேல் வைத்தால்கூட அலை அடிக்காது. எனக்கு அவரைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

செக்போஸ்ட்டைத் தாண்டினோம். முதல் இறக்கத்தில் கிளட்சை மிதித்து, கியர் கம்பியை நடுவில் தள்ளினார். நியூட்ரல்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"இனி நிக்காதுல்ல" என்றார்.

எனக்குள் எதுவோ அறுந்தது. இந்த என்ஜின் அணையாமல் இருக்க வேண்டும் என்று நான் பட்டறை பட்டறையாக அலைந்தது எதற்கு? அவர் பயமில்லாமல் நியூட்ரல் போடுவதற்கா? முன்பாவது அணைந்துவிடுமோ என்று ஒரு கை கியர் பக்கத்திலேயே இருந்திருக்கும். அந்தப் பயத்தையும் நானே துடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"நிறுத்துங்க."

"ஏன்?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! கதவத் தெறந்து குதிச்சுருவேன்."

ஓரம் கட்டினார். இறங்கினேன். வண்டிக்கு முன்னால் போய், நடு ரோட்டில், இறக்கத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் மேல் ஏற்றிவிட்டுத்தானே உருட்ட வேண்டும், உருட்டுங்கள். பிறகு பின்னால் முதல் கியரின் முனகல் கேட்டது. என் நடைக்கு ஏற்ற வேகத்தில் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கார், ஒரு பஸ், ஜீப்புகள். ஹாரன் சத்தத்தில் குரங்குகள் மரத்தில் தாவின. யாரோ, "ஏலே, என்ன சண்டைலே அங்கன?" என்று கத்தினார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னை எதற்கோ திட்டினார். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியதெல்லாம் வேறு எங்கோ இருந்தது. கண்ணீர் வழிய வழிய நடந்தேன். செருப்பு அறுந்தது, அதையும் விட்டுவிட்டு நடந்தேன்.

வளைவில் அகலமான இடம் வந்ததும் மற்ற வண்டிகளைப் போகவிட்டார். பிறகு இறங்கி வந்து என் எதிரில் நின்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. என்னை அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அந்த ஓட்டுநர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்களே, டீக்கடையில் இனி அவர் தலைகாட்ட முடியுமா?

"நான் போடணும்னு போடல" என்றார்.

"பின்ன?"

"கை தன்னால போகுது. இத்தன மாசமாத் தெனம் போட்டுப் பழகிருச்சு. எறக்கம்னு கண்ணு பாத்ததும் கை போயிருது. போட்ட பெறகுதான் போட்டதே தெரியுது. அன்னைக்கு நீ தூங்குனப்பவும் அப்படித்தான். நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாதா? பட்டறைக்காரன் சொன்னதும் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? கையி கேக்க மாட்டேங்குது."

இருபது வருடம் கூட வாழ்ந்த ஆள். ஒரு சட்டைப் பொத்தான் இல்லை என்றால்கூட என்னிடம் கேட்காமல் ஊக்கு குத்திக்கொள்கிறவர். அவர் என் முன்னால் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது யாரோ ஒருவருடைய கை மாதிரி.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். என்னிடம் அவர் அதுவரை கேட்காத கேள்வி.

என் கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன், கிடைக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். அவர் முதல் கியரைப் போட்டார், வண்டி நகர்ந்ததும் இரண்டாவது. நான் என் வலது கையை நீட்டி, கியர் கம்பியின் தலையைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அடுத்த இறக்கம் தெரிந்ததும் அவர் இடது கை ஸ்டியரிங்கை விட்டு வந்து என் கை மேல் விழுந்தது. அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

இப்போது காலையில் தைக்கிறேன். பன்னிரண்டு மணி வாக்கில் கம்பத்திலிருந்து பஸ் ஏறிக் குமுளிக்குப் போய், செக்போஸ்ட் பக்கத்தில் அவருக்காகக் காத்திருக்கிறேன். கண்டக்டர்களுக்கு நான் பழகிவிட்டேன். லோயர் கேம்ப் டீக்கடையில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத மாட்டேன். மலை இறங்கி முடியும்வரை என் கை கம்பியை விடுவதில்லை. அவர் கை இன்னும் வருகிறது. முன்னைவிடக் குறைவு, ஆனாலும் வருகிறது. வந்து, என் கையைத் தொட்டு, திரும்பிப் போகிறது.

இன்றைக்கும் வந்தது.